நாப்பதாவது செகண்டுல நின்ன ராக்கெட்

...அதத்தான் தம்பி நானும் சொல்றேன், நாப்பது செகண்டு. வெறும் நாப்பது செகண்டு பாக்கி. அப்பப் போயி, தடை போட்ட கடல்ல ஒரு படகு நுழைஞ்சிருச்சு, ராக்கெட் இன்னிக்குக் கெளம்பாதுங்கறான். துக்குணூண்டு படகு! முப்பது மாடி ஒசரத்துக்கு இரும்ப நிறுத்தி வச்சிருக்கானுங்க, அதுக்கு ஒரு படகப் பாத்துப் பயமா? நீ நகரு, வரிசை போவுது பாரு. இந்த ஜன்னல்ல நிக்கிறாளே, ஒரு டாக்கோ ரொட்டி சுருட்டறதுக்குள்ள நமக்குத் தல நரச்சுரும். ராக்கெட் தள்ளிப்போனா இவளுக்குத்தான் கொண்டாட்டம், ஊரே வயித்தெரிச்சலோட சாப்பிட இங்கதான் வருது.

நீ எங்கேருந்து? மினசோட்டாவா? அடக்கடவுளே, அந்த வடக்குக் கோடிலேருந்து வண்டி ஓட்டிக்கிட்டா? சரி, திட்டு. படகுக்காரன நல்லாத் திட்டு, நானும் கூடவே திட்டறேன். ஆனா ஒன்னு கேக்கறேன். ரோட்டுல தடுப்பு வக்கிறாங்க, ஷெரிஃப் ஆளு நிக்கிறான், சரி. கடல்ல என்ன இருக்கு? இந்தப் பக்கமும் தண்ணி, அந்தப் பக்கமும் தண்ணி. ரேடியோல கத்துனாங்களாம். கத்துனா? காது சும்மா இருந்தாத்தானே கேக்கும்... அந்த ஆளுக்குச் சொல்றேன்.

என்ன பாக்கற, பேன்ட்டா? ஆமா, நனைஞ்சிருக்கு. காலைல மீன் பிடிக்கப் போனேன். அத விடு.

நான் சும்மா வேடிக்க பாக்க வந்தவன்னு நெனச்சுராத. எங்க ஊரு போர்ட் இசபெல்ல வந்து ரொசெந்தோன்னு கேளு, "யாரு, அந்த ராக்கெட்டுக் கிறுக்கனா"ன்னுதான் திருப்பிக் கேப்பாங்க. இறால் படகுல சமையல்காரனாக் காலத்த ஓட்டிட்டு, இனிமே நிம்மதியாத் தூங்கலாம்னு கரையேறுனேன். இந்த ராக்கெட் கம்பெனிக்காரனுங்க தண்ணித்தொட்டி மாதிரி ஒன்னக் கொண்டாந்து நிறுத்துனானுங்க. அன்னிக்குப் போச்சு தூக்கம். ஒன்னு விடாமப் பாத்திருக்கேன் தம்பி. ஒன்னு நின்ன எடத்துலயே நசுங்குச்சு. ஒன்னு மேல போயி வயித்தக் குப்புற விழுந்துது. இன்னொன்னு என்ன அழகா எறங்குச்சு தெரியுமா, நான் அழுதே போயிட்டேன். கண்ணத் தொடச்சிட்டுப் பாக்கறேன், வெடிச்சுக் கெடக்கு.

ஆனா வெடிச்சுதுன்னு சொல்லுவானுங்களா? மாட்டானுங்க. "நிறையக் கத்துக்கிட்டோம்"பானுங்க, எல்லாரும் கைதட்டுவானுங்க. நான் ஒரு தடவ எங்க டிரக்கக் கொண்டுபோயி வீட்டுச் சுவத்துல விட்டுட்டு, எம்பொண்டாட்டி எலோடியாகிட்ட அதையே சொல்லிப் பாத்தேன், நிறையக் கத்துக்கிட்டேன்டின்னு. கைதட்டல. ஒரு வாரம் பேசவும் இல்ல.

அவளுக்கு ராக்கெட்டுன்னாலே ஆகாது. போன வருஷம் ஒரு சோதனைல வீடு அதிர்ந்து, அவங்கம்மா குடுத்த மாதா செலை அலமாரிலேருந்து விழுந்து மூக்கு ஒடைஞ்சிருச்சு. பசை போட்டு நான்தான் ஒட்டுனேன். கொஞ்சம் கோணிப்போச்சு. தெனமும் அதுக்கு முன்னாடி மண்டி போட்டு ஜெபம் பண்ணிட்டு, எந்திரிக்கும்போது என்ன ஒரு மொற மொறைப்பா பாரு... அப்பேர்ப்பட்டவ, இன்னிக்குப் பாக்க வந்தா தம்பி! விடியறதுக்கு முன்னாடியே தீவுல ராக்கெட் பாக்க எல்லாரும் கூடற பார்க்குக்குப் போயி, மொத வரிசைல பச்ச நாற்காலி போட்டு உக்காந்துட்டா. எதுக்கு? எங்க பையன் லாலோவுக்காக. அவன் ராக்கெட் கம்பெனில வெல்டரு. இந்த ராக்கெட்டே இரும்பு வளையமா அடுக்கி ஒட்டுனதுதான், அதுல கீழேருந்து நாலாவது வளையம் அவன் வச்ச வெல்டிங்கு. ராத்திரி அவன் ஃபுளோரிடாவுக்குக் கெளம்பறான், அங்க மாத்திட்டாங்க. எலோடியா என்ன சொன்னா, "எம்புள்ள பக்கத்துல நின்னு, அவன் கையால செஞ்சது மேல போறத ஒரே ஒருவாட்டி பாத்துடறேன், அப்புறம் உங்க கழுதய எங்க வேணா வெடிங்க"ன்னா. நாளைக்கே இது கெளம்பலாம். லாலோ இருக்க மாட்டான்.

நான் ஏன் கூட நிக்கலயா? பார்க்குலேருந்து என்ன தெரியும் சொல்லு. சுத்தி ஒரு மந்தை, தூக்கிப் புடிச்ச கையி, ஒவ்வொரு கையிலயும் ஒரு போனு. நாலாவது வளையம் தெரியுமா? கடல் பக்கமாப் போனா, தொலைநோக்கில வெல்டிங் கோடே தெரியும். எம்புள்ள போட்ட கோடு.

காட்டு, என்ன வீடியோ அது? அதுக்குள்ள போட்டுட்டானுங்களா? ம்... ஆமா, படகுதான். பெரிசாக்காத தம்பி, பெரிசாக்காத. பேரு படிக்கிற அளவுக்கா தெரியுது?

ஆமா. எலோடியா. நீலப் பெயிண்டு. எழுத்து நல்லா வந்திருக்குல்ல... அப்படிப் பாக்காத தம்பி. சரி, நான்தான். கொஞ்சம் மெதுவாப் பேசு, பின்னாடி ஆளு நிக்கிது.

வேணும்னு போகல. சத்தியமா. ஒரு காதுல மட்டுமில்ல, ரெண்டு காதுலயும் ராக்கெட் வர்ணனைய மாட்டிக்கிட்டு கேட்டுட்டிருந்தேன், காத்து எங்க இழுத்துட்டுப் போச்சுன்னே தெரியல. தடை எல்லைக்குள்ள ஒரு படகு, நிறுத்திட்டோம்னு வர்ணனைக்காரன் சொல்றான். எனக்கு வந்துது பாரு கோவம்! எவன்டா அந்த மடையன்னு எந்திரிச்சு நின்னுட்டேன். தொலைநோக்கிய வச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்தித் தேடறேன். கடல் முழுக்கத் தேடுனேன் தம்பி. ஒரு படகு கெடையாது. கடலோரக் காவல்படைப் பையன் எம்படகுல ஏறி வந்து தோளத் தட்டுனான். அப்பக்கூட நான் அவங்கிட்ட, "புடிச்சீங்களா அவன"ன்னு கேட்டேன். திரும்புன வேகத்துல வழுக்கித் தண்ணிக்குள்ள போயிட்டேன். அவங்கதான் தூக்கி விட்டாங்க.

லாலோ இன்னும் கூப்பிடல. அவனுக்கா படகு தெரியாது? பேரு எழுதறப்ப பெயிண்டு டப்பாவப் புடிச்சுக்கிட்டு நின்னவனே அவன்தானே. நாலு வார்த்த திட்டிட்டாக்கூடத் தேவல. கூப்பிடாம இருக்கான் பாரு, அதான் எனக்குத் தாங்கல.

இதோ, நம்ம முறை வந்துருச்சு. உருளக்கெழங்கும் முட்டையும் வச்சது ஒன்னு, பீன்ஸ் வச்சது ஒன்னு, மா. காரம் தனியாக் கட்டு.

தம்பி, பார்க்கு வழியாத்தானே போற? இந்தப் பொட்டலத்தக் கொஞ்சம் குடுத்துடறியா? காலைலேருந்து அவ ஒன்னும் சாப்பிட்டிருக்க மாட்டா. மொத வரிசை, பச்ச நாற்காலி, பக்கத்துல ஒசரமா ஒரு பையன் நிப்பான். பீன்ஸு அவனுக்கு. நான் குடுத்தேன்னு சொல்லு, இல்ல, சொல்லாட்டியும் பரவால்ல.

ஆனா ஒன்னு. பேரு சொல்லிக் கூப்பிட்டுராதப்பா. சுத்தி அத்தன பேரும் இந்நேரம் வீடியோவப் பாத்துட்டு அந்தப் பேரத்தான் திட்டிக்கிட்டு இருப்பாங்க.