சவரம் செய்த முகத்தோடு காணாமல் போனவன்

நான் மேற்படி விலாசத்தில் குடியிருக்கிறேன். வயது நாற்பத்தாறு, தையல் தொழில். காணாமல் போனவன் என் உடன்பிறந்த தம்பி. காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுகிறவன். அங்கே அவனுக்குப் பெயர் 'சவுண்டு'.

சென்ற வருடம் அவனுக்கு இடது கீழ்த்தாடை வீங்கியது. சொத்தைப் பல் என்று இரண்டைப் பிடுங்கிக்கொண்டான். வீக்கம் வற்றவில்லை. அதன் பிறகு அது தெரியாமலிருக்கத் தாடி வளர்த்தான். டாக்டரிடம் காட்டு என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. அதன் பிறகு பக்கத்துப் பற்களும் ஆடவே, நானே இழுத்துக்கொண்டுபோய்த் தாடை அறுவை மருத்துவரிடம் காட்டினேன். அவர் படம் எடுத்து, சதை கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பி, இது அபூர்வமாக வருகிற கட்டி, புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டால் எலும்பைத் தின்றுகொண்டே போகும் என்றார். "எலும்பு முட்டை ஓடு மாதிரி ஆயிடுச்சும்மா. கீழ விழுந்தாலே உடைஞ்சிடும்." பாதித் தாடையை எடுத்துவிட்டு, கால் எலும்பில் ஒரு துண்டை வெட்டி அங்கே பொருத்த வேண்டும் என்றார். தம்பி ஒன்றுதான் கேட்டான்: "ஏலம் கூற முடியுமா சார்?" முடியும், பேச்சு தெளியக் கொஞ்ச நாளாகும் என்றார்.

நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இன்று காலை ஆபரேஷனுக்காகத் தாடியை எடுத்துவிட்டு வரும்படி நர்ஸம்மா சொன்னார். ஆஸ்பத்திரிக்கு எதிரேயிருந்த சலூனுக்கு நான்தான் கூட்டிப்போய் வாசலில் நின்றேன். சவரம் முடிந்து வெளியே வந்தவன், "அக்கா, இது யாரு மூஞ்சி?" என்றான். நான் பதற்றத்தில், "எல்லாம் உன் மூஞ்சிதான், நேரமாச்சு நட" என்று எரிந்து விழுந்தேன். அதன் பிறகு அவன் விட்டுவந்த துண்டை எடுக்க உள்ளே போய்த் திரும்பினால் ஆளில்லை. சந்தை, வீடு, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் தேடிவிட்டேன். போன் வார்டிலேயே கிடக்கிறது. மருத்துவர் நண்பகல் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த போலீஸ் ஸ்டேஷனில் நான் கொடுத்த போட்டோவில் தாடி இருக்கிறது. இப்போதைய முகத்தை என்னையும் சலூன்காரரையும் தவிர யாரும் பார்த்ததில்லை. அடையாளம்: இடது தாடையில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். அந்த அடையாளம் இன்று சாயங்காலம் இருக்கக் கூடாது என்றுதான் நான் அல்லாடுகிறேன்.

இன்னொன்றையும் எழுதச் சொன்னேன். மேற்படியான் நேற்று இரவிலிருந்து வெறும் வயிறு. பார்க்கிறவர்கள் பாவப்பட்டு டீ வாங்கித் தருவார்கள். நீங்களும் தந்துவிடாதீர்கள் ஐயா. குடித்துவிட்டால் இன்றைக்கு ஆபரேஷன் கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.

படித்துக் காட்டக் கேட்டேன். என் வாயால் சொன்னதுதான் எழுதியிருக்கிறது. கூட்டல் குறைச்சல் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
காணாமல் போனவனின் அக்கா