பால் போத்தலில் ஒரு பல்

ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரு தாயும் பன்னிரண்டு வயது மகளும் இருந்தார்கள். மகள் வாயில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். தாயின் மடியில் ஒரு போத்தல்.

"மெதுவா ஓட்டச் சொல்லுங்க தம்பி. இந்தப் பால்ல புள்ளையோட பல்லு இருக்கு."

டிக்கெட் கிழித்த கண்டக்டர் நிமிர்ந்தார். "பல்லா?"

"ஸ்கூல்ல நெட்போல் வெளையாடுறப்ப கம்பத்துல மோதி முழுசா வந்திருச்சு. சேதி கேட்டு ஓடுன நான் அதைக் கூரையில வீசப் பாத்தேன். டீச்சரு புடுங்கி பால்ல போட்டுட்டாங்க. சீக்கிரம் போனா டாக்டர் திரும்ப வச்சிருவாராம்."

"அப்புறம் எதுக்கு மெதுவா? அண்ணே, அழுத்துங்க! ஆஸ்பத்திரி வரைக்கும் எங்கயும் நிப்பாட்டாதீங்க!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார் கண்டக்டர்.

"நான் பஜார்ல எறங்கணுமே" என்ற ஒரு பெரியவர், போத்தலைப் பார்த்துவிட்டு, "சரி, திரும்பி நடந்தே போய்க்கிறேன்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அதே பஸ். "பல்லு என்னாச்சு?" என்று கண்டக்டர்தான் முதலில் கேட்டார். மகள் ஈயென்று காட்டினாள். பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியில் கட்டப்பட்டு, முன்பல் அதன் இடத்திலேயே இருந்தது.

"இன்னிக்குக் கம்பிய கழட்டுறாங்க" என்று ஆரம்பித்தவள், டாக்டர், ஊசி, அடுத்த மேட்ச் என்று பதுளை வரை நிறுத்தவில்லை.

தாய் சலித்துக்கொண்டார். "பல்லுல கழட்டுற கம்பிய, டாக்டர்கிட்ட சொல்லி வாய்க்குப் போடணும்."