ஒண்ணு பத்து ஆர்டர்

– நழுவப் பாக்காதீங்க டாக்டர். இப்படி வந்து உக்காருங்க.

– எட்டரைக்கு ஒருத்தர் வர்றாரும்மா. கன்னம் வீங்கிப்போய்...

– வீங்கின கன்னம் பத்து நிமிஷம் பொறுக்கும். பதினோரு மணிக்கு நான் கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னாடி இந்த லேப்டாப்பப் பாருங்க.

– அட, கோடு ஏறிக்கிட்டே போகுது! உன் பூவேலைத் தலையணை சக்கைப்போடு போடுதே. போட்டுடு கையெழுத்த. பக்கத்து ஷெட்டையும் எடு, எட்டுப் பேரையும் எடு. முதலாளியம்மா கை வச்சா சும்மாவா?

– நாலு மாசமா நானும் இதத்தான் பாத்துப் பூரிச்சுப் போயிருந்தேன். கோடு ஏறுதா? ஏறுது. சரி, அடுத்த வேலையப் பாருன்னு எந்திரிச்சிடுவேன்.

– முதலாளின்னா அவ்வளவுதானே? உள்ள நோண்டிப் பாக்கத்தான் ஆபீஸ்ல ஒரு பொண்ண வச்சிருக்கியே.

– அந்தப் பொண்ணுதான் ஒரு நாள் மீட்டிங்ல கேட்டா. "மேடம், இந்த ஏத்தம் எல்லா எடத்துலயும் இருக்கா, ஒரே எடத்துலயா? பிரிச்சுப் பாத்தீங்களா?" எனக்கு ஒரு மண்ணும் புரியல. புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டினேன்.

– அதுல நீ கெட்டிக்காரி. எங்க அக்கா பேசும்போதும் அப்படித்தான் ஆட்டுவ.

– சிரிக்காதீங்க... அன்னிக்கு எனக்கு அவமானமாப் போச்சுங்க. நாப்பது பேரு என்ன நம்பி இருக்காங்க, எனக்குத் தெரிஞ்சது ஒரு கோடு மட்டும்தான். மறுநாள்லேர்ந்து தினம் ஒரு மணி நேரம் ரூம் கதவச் சாத்திக்கிட்டு அவகிட்டயே பாடம் படிச்சேன்.

– என்கிட்ட மூச்சே விடலியே?

– விட்டா கிண்டல் பண்ணுவீங்க.

– பண்ணித்தான் இருப்பேன். சரி, டீச்சர் என்ன சொல்லிக் குடுத்தாங்க?

– பிரிக்கச் சொல்லிக் குடுத்தா. முதல்ல மணி வாரியாப் பிரிச்சேன். மெத்தை, போர்வை எல்லாத்துக்கும் ராத்திரி சாப்பாடு முடிஞ்சப்புறம்தான் ஆர்டர் வரும். பூவேலைத் தலையணைக்கு மட்டும் டாண்ணு மத்தியானம் ஒண்ணு பத்துக்கு.

– அது... உண்ட மயக்கமா இருக்கும்மா. சாப்பிட்டா தூக்கம் வரும். தூக்கம் வந்தா தலையணை ஞாபகம் வரும்.

– ஞாயித்துக்கிழமை மட்டும் ஜனங்களுக்குத் தூக்கமே வராதோ? அன்னிக்கு மொத்தமே ஒண்ணோ ரெண்டோதான்.

– இந்த ஃபேனக் கொஞ்சம் கூட்டி வையேன்.

– ஃபுல்லாத்தான் ஓடுது. அப்புறம் எடம் வாரியாப் பிரிச்சேன். பத்துக்கு எட்டு ஒரே ஏரியா. பேரு மட்டும் விதவிதமா இருக்கு.

– பாவம்... அந்த ஏரியாவுல எல்லாருக்கும் கழுத்து வலி போல.

– ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குச் சாத்தி, ஞாயித்துக்கிழமை லீவு விடற உங்க கிளினிக்கும் அந்த ஏரியாவுலதான் இருக்கு.

– அப்படியா? ... ஆமா, இருக்குல்ல.

– இன்னும் முடியல. நடுவுல ஒரு வாரம் கோடு அப்படியே படுத்துடுச்சு. திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் அந்த ஏரியாவுலேர்ந்து ஒரு ஆர்டர்கூட இல்ல. அந்த வாரம் என்ன நடந்துச்சு?

– எனக்கெப்படித் தெரியும்?

– நீங்க காய்ச்சல்ல கண்ணத் தொறக்காமக் கிடந்தீங்க. நான்தான் ஆறு நாளும் பக்கத்துல உக்காந்து மாத்திரை குடுத்தேன்.

– மணி எட்டரை ஆகப்போகுதும்மா, நான் கிளம்பட்டுமா?

– டாக்டர். என் மூஞ்சியப் பாருங்க.

– பாத்துட்டுதாம்மா இருக்கேன்.

– எத்தன தலையணை?

– ஒரு... இருபது இருக்கும்.

– டாக்டர்...

– நூத்தி எழுபத்தி ரெண்டு.

– ஐயோ! அவ்வளவையும் எங்க வச்சிருக்கீங்க?

– எக்ஸ்ரே ரூம்ல கொஞ்சம் கிடக்கு. மிச்சத்த வர்றவங்களுக்குக் குடுத்துட்டேன். பல்லு பிடுங்கினா ஒண்ணு, ரூட் கெனால்னா ரெண்டு.

– பல்லு காட்டப் போனவங்க தலையணையத் தூக்கிட்டு வெளிய வர்றாங்களா! ஏங்க... ஏன் இப்படிப் பண்ணீங்க?

– முதல் வாரம் நாலே நாலு ஆர்டர் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? குளியலறையில குழாயத் தொறந்துவிட்டுட்டு அழுத. வெளிய கேக்காதுன்னு நினைச்சுக்கிட்ட. நான் கதவுக்கு இந்தப் பக்கம் துண்டோட நின்னுக்கிட்டிருந்தேன். தாங்க முடியலம்மா. ரெண்டு மூணு வாங்குவோம், சூடு பிடிச்சதும் நிறுத்திக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன். அன்னிக்குச் சாயங்காலம் நீ பாடிக்கிட்டே வீட்டுக்குள்ள வந்த. அப்புறம் எப்படி நிறுத்துறது?

– ... பாவி மனுஷா.

– திட்டு. நல்லாத் திட்டு.

– திட்டத்தான் உக்கார வச்சேன். வாய் வரமாட்டேங்குது. ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா? இன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டிருந்தா எட்டுப் பேரு இருக்கிற வேலைய விட்டுட்டு என்ன நம்பி வந்திருப்பாங்க. மூணே மாசத்துல, "தலையணை விக்கலம்மா, போயிட்டு வாங்க"ன்னு எந்த முகத்த வச்சுக்கிட்டுச் சொல்றது? உங்க காதுல நான் ஒருத்தி அழுதது மட்டும்தான் விழுந்துச்சு.

– அவ்வளவு தூரத்துக்கு எனக்கு ஓடலம்மா... பெரிய தப்புதான்.

– என் மேலயும் தப்பு இருக்கு. கோட்டப் பாத்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னேனே தவிர, யாரு வாங்குறா, எங்கேர்ந்து வாங்குறான்னு ஒரு தடவ கேக்கலியே. கேட்டிருந்தா முதல் மாசமே மாட்டியிருப்பீங்க.

– அப்ப ஷெட்டு?

– இப்ப வேணாம். போன்ல சொல்லிடறேன். உங்களக் கழிச்சுட்டுப் பாத்தா வாரத்துக்கு ஆறு வருது. நாலு ஆறாகியிருக்கு. யாரும் தள்ளிவிடாம தானா ஏறின ஆறு, அதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

– கோவம் இல்லியே?

– நிறைய இருக்கு. சாயங்காலம் வச்சுக்கறேன். கிளம்புங்க, வீங்கின கன்னம் காத்துக்கிட்டிருக்கும்.

– கிளம்பறேன். ஆனா தலையணை ஒண்ணும் வீணாப் போகலம்மா. வாங்கினவங்க முகத்த நீ பாக்கணுமே! அதுவும் செவ்வாய்க்கிழமைதான் எனக்குக் கூட்டமே. அஞ்சாறு மாசமா செவ்வாய்னா உக்கார எடமில்ல, அத்தனையும் பொம்பளைங்க. இன்னொரு சேர் வாங்கிப் போட்டுடலாம்னுகூட இருக்கேன்.

– ... செவ்வாய்க்கிழமை வர்றவங்களுக்குமா குடுத்தீங்க?

– அவங்களுக்குத்தான் அதிகம். ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடல. தலையணைய வாங்கினதும் எல்லாரும் திருப்பிப் போட்டுத் தையலப் பாக்குறாங்க. ஒருத்தி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. இன்னொருத்தி பூவத் தடவிப் பாத்துட்டு, "டாக்டர், இது..."ன்னு ஆரம்பிச்சா, பக்கத்துல இருந்தவ நறுக்குன்னு கிள்ளிட்டா. ஏம்மா, நெத்தியில அடிச்சுக்கற?

– சேருக்கு இன்னும் சொல்லலியே?

– இன்னிக்குச் சொல்லலாம்னு... ஏன்?

– சொல்லாதீங்க. காலிக் கிளினிக்ல நீங்க ஒத்தையா உக்காந்திருந்தத என்னாலயும் பாக்க முடியலங்க. செவ்வாய்க்கிழமை எங்க பூவேலைப் பிரிவுக்கு லீவு, பல்லக் காட்டிட்டு வாங்கடின்னு நான்தான் ஒவ்வொருத்தியா அனுப்பி வச்சேன். நீங்க என்னடான்னா, அவங்க தச்ச தலையணைய அவங்க கையிலயே குடுத்து அனுப்பியிருக்கீங்க!