ஒருத்திக்கு மட்டும் லீவு

“நாளைக்கு எம் பொண்ணுக்கு மட்டும் பள்ளிக்கூடம் லீவாம்!”

பேரணாம்பட்டு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், மடியில் பீடி இலைக் கட்டோடு இருந்த பெண் வெடித்தாள்.

“அது இன்னாடி அவளுக்கு மட்டும்?” என்றாள் பக்கத்திலிருந்த மூத்தவள்.

“இன்ஸ்பெக்டர் வர்றாராம்க்கா. காது கேக்காததை வீட்லயே வெச்சிக்கன்னு வாத்தியார் சொல்லிட்டார். முன்னாடி உக்கார வைங்க, வாயைப் பாத்தே புரிஞ்சிக்குவா சார்னு ரெண்டு வருசமா கெஞ்சுறேன். கதவோரம் தள்ளிவெச்சி, வகுப்பைப் பெருக்க விடறாங்க.”

“அப்ப அனுப்பமாட்டியா?”

“நானே கூட்டினு போவேன். இன்ஸ்பெக்டர் எதிர்ல, முதல் வரிசையில உக்கார வெப்பேன்.”

“வாத்தியார் கத்துவாரேடி.”

“கத்தட்டும். அவளுக்குத்தான் கேக்காது. எனக்குக் கேக்கும். நான் பதில் சொல்லிக்கிறேன்.”