போர்டில் ஒட்டிய தலையணை

கோவளத்திலிருந்து கிழக்கேகோட்டை போகும் பஸ். எனக்கு முன் சீட்டில், ஒரே ஓட்டலின் யூனிஃபார்மில் இரண்டு பெண்கள். இளையவள்தான் உற்சாகமாக ஆரம்பித்தாள்.

"எக்கா, தலகாணியப் பாத்தே ஆளச் சொல்லிருவேன்னு எழுதி ஒட்டிட்டேன்!"

"எங்கட்டி ஒட்டுன?"

"ரூம் கிளீன் பண்ற எங்களுக்கு இன்னைக்கு ட்ரெயினிங்க்கா, அதுல. 'வந்த கெஸ்ட் மறுபடியும் வரணும்'னு போர்டுல போட்டுட்டு, அதுக்கு ஒதவுற மாரி நமக்குத் தெரிஞ்சத எழுதி ஒட்டச் சொன்னாங்க."

"எல்லாரும் சிரிச்சிருப்பாங்களே."

"மேனேஜர் மட்டும் சிரிக்கல. முந்நூத்திநாலாம் ரூம்ல இருக்கவரு எப்படின்னு கேட்டாரு. கால் முட்டுக்கு அடில ரெண்டு தலகாணி வச்சு உறங்குவாரு, வலி போலன்னேன். 'கொள்ளாமே, நல்லாருக்கே! அடுத்த தடவ அவரு கேக்குறதுக்கு முன்னாலயே வச்சிருவோம்'னாரு. திங்கக்கிழம ரிசப்ஷன்காரங்களுக்கு நான்தான் கிளாஸ் எடுக்கணுமாம்க்கா!"

"அடி சக்க!"

"நாளைக்கு உங்க கிச்சன் ஆளுங்களுக்கு. நீ என்ன எழுதப் போற?"

"எச்சித் தட்டு கழுவுறவ என்னத்தட்டி எழுத?"

மணக்காடு ஸ்டாப் வந்தது. மூத்தவள் இறங்கினாள். பஸ் நகர்ந்ததும் ஜன்னலோடு கூடவே ஓடி வந்தாள்.

"ஏட்டி! தட்டுல எத மிச்சம் வைக்காங்கன்னு சமைக்கிறவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்!"