கடைசி வளைவு

பால்பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினால் சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும், சார். இரும்புலியூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவன் நான். என் மகள் ஜெயக்கொடியின் ஸ்கேட்டிங் சக்கரங்களை வேறு யாரையும் தொடவிட்டதில்லை.

பன்னிரண்டு வயதுதான். தொடையில் நல்ல பலம், நெஞ்சில் நல்ல மூச்சு. குனிந்த இடுப்பு கடைசிவரை நிமிராது. உடம்பில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குறை மனசில்தான் இருந்தது. கடைசி வளைவில் அவள் அம்மா தையல்நாயகி தண்ணீர் பாட்டிலோடு நிற்பாள். முதல் ஆளாக வந்துகொண்டிருக்கும் பெண், அம்மாவைப் பார்த்ததும் தலையைத் திருப்பிச் சிரிப்பாள். அதற்குள் இன்னொருத்தி முந்திவிடுவாள். யார் கூப்பிட்டாலும் தலையைத் திருப்பாதே என்று எத்தனை சொல்லிக்கொடுத்தும், வருஷா வருஷம் இரண்டாவது இடம்தான்.

தையல்நாயகியிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். "பெத்தவ நிக்காம வேற யாரு நிப்பா? போய்யா," என்றாள். புது லாரிக்கு வைப்பதுபோல ஸ்கேட் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கவிடுவது வேறு. சாறு பேரிங்கில் இறங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. நல்லவள்தான். எனக்கு அவள்மேல் கோபமே கிடையாது.

வண்டலூர்ப் பக்கம் மாநிலப் போட்டிக்கு ஆள் எடுத்த அன்று காலை தையல்நாயகிக்கு மூச்சிழுப்பு வந்தது. எப்போதும் வருவதுதான். "அந்த இன்ஹேலரு எங்க கீதுன்னு பாரு. ரெண்டு தபா இழுத்துக்கினா சரியாப்பூடும். நானும் வரேன்," என்றாள். தேடினேன். பீரோ மேல் கிடைத்தது. கிடைக்கவில்லை என்று சொன்னேன். ஒரு நாள் வீட்டில் கிடந்தால் என்ன என்றுதான் நினைத்தேன். பின்னாலேயே பல்லவன் பஸ் ஏறி வந்துவிடக்கூடியவள் என்பதால் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

அன்று எலுமிச்சம்பழத்தை நானே வைத்தேன். குழந்தை மனசு வாடக் கூடாது இல்லையா. கடைசி வளைவில் யாரும் இல்லை. தலை திரும்பவில்லை. முதலாவதாக வந்தாள். நான் அழுதேவிட்டேன், சார்.

முகம் துடைக்கக் கைக்குட்டை தேடி என் பேன்ட் பையில் கைவிட்டவள், இன்ஹேலரோடு கையை எடுத்தாள். "இன்னாப்பா, அம்மாவோடது இங்க கீது? வா, சீக்கிரம் வூட்டுக்குப் போலாம்," என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். அதை முடித்துவிட்டுத்தான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டுப் பச்சையம்மா தாழ்ப்பாளைத் திறந்திருந்தாள். தையல்நாயகி கதவுக்குப் பின்னால் கிடந்தாள். கதவின் உள்பக்கம் நகக்கீறல்கள். தட்டியிருப்பாள், என்னைத்தான் கூப்பிட்டிருப்பாள். ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஜெயக்கொடியின் குறை தீர்ந்துவிட்டது. சற்றுமுன் பச்சையம்மா அவளை உங்கள் ஸ்டேஷன் வாசல் வழியாகக் கூட்டிப் போனபோது, பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். நான் சொல்லிக்கொடுத்தபடியே, தலையைத் திருப்பாமல் நேராகப் போனாள்.