பெரியவளுக்கு வரன் கொண்டுவந்த குதிரை

தேநீர் ஆறிவிடும், முதலில் குடியுங்கள் தம்பி. போலீஸ் விசாரணை எங்கே ஓடிப்போகப் போகிறது?

அந்தக் குதிரை எங்களுடையது இல்லை, சவாரிப் பள்ளியுடையது. முன்னங்காலில் தசைநார் கிழிந்து, தேறுவதற்காக எங்கள் கொட்டடிக்கு வந்தது. அடிபட்ட குதிரைகளை வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. என் மூத்த மகள்தான் கவனித்துக்கொண்டாள். குளிர்ந்த தண்ணீரைக் காலில் பீய்ச்சி, கட்டுப் போட்டு, கயிற்றைப் பிடித்து மெல்ல நடத்துவாள். அதனிடம் பேசியதில் பாதிகூட என்னிடம் பேசியதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான், மறைக்கவில்லை.

வாராவாரம் கால்நடை மருத்துவர் வருவார். நல்ல பையன், அதிர்ந்து பேசமாட்டார், ஒண்டிக்கட்டை. பெரியவளுக்கோ வந்த வரன் எல்லாம் தட்டிப்போனது. சாணி நாற்றம் அடிக்கிறது என்று பெண் பார்க்க வந்த ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். இந்த லட்சணத்தில் குதிரை ஒழுங்காக நடக்க ஆரம்பித்துவிட்டது.

"இனிமே நான் வரவேண்டியதில்லம்மா" என்று மருத்துவர் பையை மூடினார். பெரியவள் முகம் வாடிப்போனது. பெற்ற மனசு கேட்கவில்லை.

லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவில் ஒரு கூழாங்கல், சட்டைப் பொத்தான் அளவுதான். குதிரை மறுபடி நொண்டியது, அவரை மறுபடி வரவழைத்தோம். அப்புறம் அவர் வருவதற்கு முதல்நாள் வைப்பேன், வருமுன் எடுத்துவிடுவேன். அவரும் பழைய காயத்தையே தடவித் தடவிப் பார்ப்பார். குளம்பைத் தூக்கிப் பார்க்க அவருக்கு ஏது நேரம்? கண்ணெல்லாம் பெரியவள்மேல்.

"ஏம்மா இதுக்கு மட்டும் தேறவே மாட்டேங்குது?" என்று என் மடியில் படுத்து அழுதாள். தலையைக் கோதிவிட்டேன். அழுதால் அவள் அழகாக இருப்பாள். அதனால் மருத்துவர் இருக்கும்போது நான் குதிரைப் பேச்சைத்தான் எடுப்பேன்.

ஆனால் மனிதர் வாயைத் திறக்கவேண்டுமே. மாதக்கணக்கில் தேநீர் போட்டதுதான் மிச்சம். கடைசி முறை கல்லை எடுக்க மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். எடுக்கவில்லை. குளம்பு சீழ் பிடித்து, எலும்புவரை ஏறி, குதிரை படுத்துவிட்டது. கண் கலங்க அவரே கடைசி ஊசியைப் போட்டார். பெரியவள் அவர் தோளில் சாய்ந்து கதறினாள். பிடித்த கையை அவர் விடவே இல்லை. மறுவாரமே சம்பந்தம் பேசி முடித்தோம்.

செத்த குதிரையின் லாடத்தைக் கழற்றிய லாடக்காரர் அந்தக் கல்லை உங்களிடம் கொண்டுவந்து கொடுப்பார் என்று நான் நினைக்கவில்லை. போகட்டும், அவர் வேலையை அவர் செய்தார். எந்த உயிர்மேலும் எனக்குப் பகை கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அது சரி, விரலில் மோதிரத்தைக் காணோமே, உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையா? இப்போது தேநீர் கொண்டுவந்து வைத்தாளே, அவள்தான் சின்னவள். குதிரைப் பக்கமே போகமாட்டாள். வாசலில் உங்கள் காலை நக்கியதே அந்த நாய், அதுதான் அவளுக்கு உயிர். அது காணாமல் போனால் உங்களிடம்தானே தம்பி வரவேண்டும்?